மறுப்புரையையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்

1

போன வாரம் சிரம்பான் பக்கத்து ராசா என்ற ஊரிலுள்ள வாசகசாலையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நின்றுபோன மாணவர் சொற்போர்ப் போட்டியை மறுபடியும் நடத்தப்போகிறார்களாம். மூன்று நடுவர்களில் ஒருவராக நான் வந்து உட்கார வேண்டுமாம். தலைப்பைக்கூட மாற்றவில்லை: 'இயந்திர மூளை மனித மூளையை வெல்லும்.' அன்றைக்கு அவசரகாலக் கெடுபிடியில் போட்டி பாதியில் நின்றுவிட்டதால் அதே தலைப்பை வைத்திருப்பதாகப் புதிதாக வந்திருக்கும் செயலாளர் விளக்கம் வேறு எழுதியிருக்கிறார். அது பாதியில் நின்றது எதனால் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. நம் ஊரில் கணக்கப்பிள்ளை என்பீர்களே, கிட்டத்தட்ட அந்த உத்தியோகம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பாதி ஆயுள் இங்கேயே கழிந்துவிட்டது. உங்கள் பத்திரிகைக்கு முன்பு மூன்று கட்டுரைகள் அனுப்பியிருக்கிறேன். டுரியான் பழத்தின் நாற்றத்தைப் பற்றி எழுதினேன், தைப்பூசக் காவடியைப் பற்றி எழுதினேன், மலாய்க்காரர்களின் மரியாதையைப் பற்றி எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை.

இப்போது அவசரகாலம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றியிருந்த முள்கம்பியைப் பாதி பிடுங்கியாயிற்று. மீதியில் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள். நான் குடியுரிமைக்கு எழுதிப்போட்டு, போன மாதம் மலாய்மொழிச் சோதனைக்குப் போய்வந்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். ஆட்களின் பெயரை எழுதுகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

2

அந்த வருஷங்களைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் என்று அறிவித்து, அவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று எங்களை வேலிக்குள் அடைத்தது. காலையில் கேட் திறக்கும்போது ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைத் தடவ ஒரு பெண் இருந்தாள். ரப்பர் மரங்கள் நிற்கிற வேலைக்காட்டுக்கு ஒரு கவளம் சோறு எடுத்துப் போக முடியாது. கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார். அன்றைக்கே தின்றுவிட வேண்டும், சேர்த்து வைத்துக் காட்டுக்குக் கொடுக்க முடியாது.

என் வேலை விடியுமுன் தொடங்கும். 'பெரட்டு' என்று பெயர். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வந்தவர்களுக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் கோடு போடுவேன். அதைத்தான் 'பேர் போடுவது' என்பார்கள். அவசரகாலத்தில் வராதவர்களின் பட்டியலைத் தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. காரணமில்லாமல் வராதவன் எங்கே போனான், யாரைப் பார்த்தான் என்று கேள்வி வரும். கேள்வி என்றால் சும்மா கேள்வி இல்லை.

அதனால் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல், மனைவிக்குப் பிரசவ வலி, சாவு வீடு என்று யாராவது வராமல் போனால் கிராணி கண்டுகொள்ளாமல் பேர் போட்டுவிடுவார். ஆட்களை மேற்பார்க்கிற மண்டோரும் வாய் திறக்க மாட்டார். எல்லாத் தோட்டத்திலும் இது உண்டு, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். நானும் போட்டேன். அதற்காக லயத்தில் எனக்கு நல்ல பெயரும் இருந்தது, மறைப்பானேன்.

3

சன்னாசி பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். கைக்குழந்தையாக அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி காத்தாயி. ஒரே மகள் அஞ்சலை, பதின்மூன்று வயது. அந்தப் பெண்ணுக்குப் பேச்சு அப்படி வரும். தோட்டப் பள்ளியில் எந்த விழா என்றாலும் அவள்தான் பேசுவாள். "என் மவளுக்கு மைக்கே வேணாங்க ஐயா, மூணு லயம் தாண்டிக் கேக்கும்" என்று சன்னாசி என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

அப்போது பத்திரிகைகளில் இயந்திர மூளை பற்றிச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஓர் அறையை அடைத்து நிற்கிற மெஷினாம், நூறு பேர் ஒரு மாதம் போடுகிற கணக்கைக் கண்மூடித் திறப்பதற்குள் போடுமாம், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லுமாம். அதை வைத்துத்தான் ராசா வாசகசாலை மாணவர்களுக்குச் சொற்போர் அறிவித்தது. சிரம்பான் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகன் சந்திரனும் சேர்ந்தான். அவன் மெஷின் கட்சி, அஞ்சலை மனிதக் கட்சி.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் சாயங்காலம் சன்னாசி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நாளைக்கு நான் ராசா போயிட்டு வந்துடறேன். புள்ள பேரக் குடுக்கணும். அப்பன் நேர்ல வந்து ஐசி காட்டிக் கைநாட்டு வைக்கணுமாம். போலீஸு ரூலாம்."

"லீவு பாஸ் கேட்டியா?"

"அதுக்குப் போலீஸு கையெழுத்து வர மூணு நாளு ஆவுங்களே."

"கேட்டில் என்ன சொல்லுவே?"

"எல்லாரோடயும் சேந்து வெளியாயிடுவேன். அந்தாண்ட பெரிய ரோட்டுல பஸ் ஏறிக்கிடலாம். நீங்க பேர மட்டும் போட்டுடுங்க."

சந்திரனுக்கு நான் என் ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டி ஆபீஸ் ஜீப்பில் போய்ப் போன வாரமே பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அப்போதே இந்தப் பெண்ணைப் பற்றி நினைத்திருக்கலாம், நினைக்கவில்லை. சரி, போய்விட்டு வா என்றேன். மறுநாள் பேர் போட்டேன். அன்று காலை மழை பிடித்துக்கொண்டது. பாலெல்லாம் கோப்பையிலேயே கெட்டுப்போனதால், யார் எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்று எழுதுகிற நிறுவை கிடையாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதற்கு என் கோடு ஒன்றுதான் சாட்சி.

4

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஏழாம் எண் வேலைக்காட்டில் ஓடையோரம் புதைத்து வைத்திருந்த அரிசி மூட்டையைப் போலீஸ் கண்டெடுத்தது. வெள்ளிக்கிழமை காலையில்தான் அது அங்கே வைக்கப்பட்டது என்று பிடிபட்ட யாரோ சொன்னானாம். ஓடையோர வரிசை சன்னாசி வெட்டுகிற வரிசை.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்து செக்ரோலைக் கேட்டார். பக்கத்தைப் புரட்டிக் காட்டியது நான்தான். "இந்த ஆள் வெள்ளிக்கிழமை வேலையில் இருந்தானா?" என்று கேட்டார். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, சார்" என்றேன். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள். அப்படி ஒரு பதிலை அந்த நேரத்தில் எனக்கு எடுத்துக் கொடுத்த மூளையை என்ன செய்யலாம்?

சன்னாசியைக் கொண்டுபோய்த் தடுப்புக்காவல் முகாமில் வைத்தார்கள். இரண்டாம் நாள் காத்தாயி என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, படிக்கருகே நின்றுகொண்டே பேசினாள்.

"அவுங்க அன்னைக்கு வேலைக்கே வரல, ராசா போனாங்கன்னு நான் போலீஸ்ல சொன்னங்க ஐயா. நம்பாம புக்கக் காட்டறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க லா."

"பார்க்கிறேன்" என்றேன்.

"எப்பங்க ஐயா?"

"பார்க்கிறேன்னு சொன்னேனே."

என்ன பார்த்தேன்? பயத்தைத்தான் பார்த்தேன். செக்ரோலில் பொய் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொண்டால் வேலை போவது மட்டுமல்ல, இதற்கு முன் எத்தனை பேருக்கு எழுதினாய், அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்பார்கள். நானும் முகாமுக்குப் போக வேண்டியதுதான். சந்திரனின் படிப்பு நிற்கும். இப்படி ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஒரு வக்கீல் வைத்து வாதாடி, ஒவ்வொரு நாளும் ஜெயித்தேன். சன்னாசியை விடுவதா, நாடு கடத்துவதா என்று முடிவுசெய்ய ஒரு குழு இருந்தது. அது உட்கார்வதற்குள் சொல்லிவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்.

5

கூட்டம் கூட்டுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். பேசப்போகிற ஒவ்வொரு வார்த்தையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மூன்று பிரதி கொடுக்க வேண்டும். வாசகசாலைக்காரர்கள் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது: மறுப்புரைகள் எங்கே? எதிராளி பேசின பிறகுதானே மறுப்புரை என்று நான் எழுதினேன். மறுப்புரையையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், எழுதித் தந்ததற்கு ஒரு வார்த்தை கூடவோ மாறவோ கூடாது என்று பதில் வந்தது. சந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பா, இதுக்கு அந்த மெஷினையே கொண்டாந்து பேச விடலாம் லா" என்றான்.

அஞ்சலை தன் பேச்சைத் தானே எழுதி நோட்டோடு ஆபீசுக்குக் கொண்டுவந்தாள். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இந்தப் பெண் ஆசிரியர் எழுதியதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். உருட்டி உருட்டி இப்படி எழுதியிருந்தாள்: இயந்திரத்துக்குத் தெரிந்தது அதற்குள் நாம் போட்டது மட்டும்தான். போட்டவர் பொய்யைப் போட்டால் அது காலமெல்லாம் அந்தப் பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் மனிதர் அப்படியல்ல, தவறாக ஒன்றை எழுதிவிட்டாலும் மனம் கேளாமல் திரும்பி வந்து, நான் எழுதியது தவறு என்று சொல்லுவார். அதனால் மனித மூளையே உயர்ந்தது.

படித்து முடித்து நிமிர்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கா ஐயா?"

"நல்லா இருக்கு."

"சொல்லுவாங்கதான ஐயா? மனுசங்க?"

"சொல்லுவாங்க" என்றேன். ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். போலீசுக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

போட்டியன்று மத்தியானம் வாசகசாலைக் கூடம் நிரம்பியிருந்தது. ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு திரும்ப வேண்டுமென்று சீக்கிரமே தொடங்கினார்கள். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், கையில் என் ஆங்கிலப் பிரதி. வரி வரியாக விரல் வைத்துக் காட்ட அவர் பக்கத்தில் நான். சந்திரன் நன்றாகப் பேசினான். மெஷினுக்குச் சொந்தக்காரன் கிடையாது, வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது, உள்ளதை உள்ளபடி எழுதும் என்றான். கைதட்டினார்கள். பாவி மகன், நான் எழுதிக் கொடுத்த வரிதான் அது.

அஞ்சலை ஏறினாள். சன்னாசி சொன்னது சரி, மைக் தேவையே இல்லை. மனிதர் திரும்பி வந்து சொல்லுவார் என்ற இடத்தில் நிறுத்தி, சபையைப் பார்க்காமல் முன்வரிசையைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும். நடுவர்கள் மறந்துவிட்டாளோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் விரல் அந்த வரியில் இருந்தது. எழுந்து நின்றால் போதும், இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே இருக்கிறார். நான் எழவில்லை. அவள் முடித்துவிட்டு இறங்கினாள்.

மறுப்புரைக்கு மறுபடியும் அவள் முறை வந்தது. எழுதிக் கொடுத்திருந்ததில் ஒரு வரிகூட அவள் சொல்லவில்லை.

"நான் மொதல்ல சொன்னது தப்புங்க. மனுசங்க திரும்பி வந்து சொல்லுவாங்கன்னு சொன்னேன். சொல்ல மாட்டாங்க. எங்கப்பா பேரப் போட்டது ஒரு மெஷினா இருந்திருந்தா, அன்னைக்கு அவரு வரலன்னு எழுதியிருக்கும். எங்கப்பா இப்ப வீட்டுல இருப்பாரு. சந்திரன் அண்ணன் சொல்றதுதான் சரி. மெஷின்தான் ஒசத்தி."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் புரட்டினார். "இது இதில் இல்லையே. என்ன சொல்கிறாள்?" என்று என்னைக் கேட்டார்.

"பாடம் மறந்துவிட்டது, சார். தோற்றுவிட்டேன் என்று சொல்கிறாள்" என்றேன்.

கொடுத்த வாசகத்திலிருந்து மாறியதால் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி அவர் உத்தரவு போட்டார். பரிசு யாருக்கும் இல்லை. ஆட்கள் கலையும்போது செயலாளர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், நானும் கைகொடுத்தேன். பெயர் கொடுத்த படிவங்கள் அவை. அஞ்சலையுடையதில் சன்னாசியின் கைநாட்டு, ஐசி எண், அந்த வெள்ளிக்கிழமைத் தேதி, காலை பத்தரை மணி என்று செயலாளரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. வேறு சாட்சியே வேண்டாம். பத்தடி தூரத்தில் இன்ஸ்பெக்டர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படிவத்தை மற்றவற்றுக்கு அடியில் வைத்து, விளிம்பு தட்டி, அடுக்கைச் செயலாளரிடம் கொடுத்தேன்.

6

திரும்பும்போது தோட்டத்து லாரியில் சந்திரனும் நானும் முன்னால் உட்கார்ந்தோம். அஞ்சலையும் அவள் அம்மாவும் பின்னால். "அவ ஏன் பா எங்க கட்சிக்குக் கோல் போட்டா?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவ சொன்னது உங்க புக்கயா பா?" என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு வா என்றேன். இதைப் பற்றி அவன் பிறகு கேட்கவே இல்லை. மற்றதையும் கேட்பதைக் குறைத்துக்கொண்டான். இப்போது சிங்கப்பூரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான். வாசகசாலை என்னைக் கூப்பிட்டிருக்கிறது என்று எழுதினேன். எங்கள் ஆபீசிலும் அப்படி ஒரு மெஷின் வாங்கப் பேச்சு நடக்கிறது, வந்தால் நல்லதுதான் என்று ஒரே வரி பதில் போட்டான்.

குழு உட்கார்ந்தது. நாடு கடத்த முடிவாயிற்று. பெண்டாட்டி பிள்ளையும் கூடப் போகலாம் என்றார்கள். அதற்கு ஒரு படிவம். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே காத்தாயியின் கைநாட்டு வாங்கியது என் வேலை. பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தைத் தாண்டி எதையும் பார்க்காத அஞ்சலைக்கும் அதே படிவம்தான். அவள் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டாள்.

கிள்ளான் துறைமுகத்துக்கு அவர்களைக் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வரத் தோட்டத்துத் துரை என்னைத்தான் அனுப்பினார். தகரக் கொட்டகையில் சன்னாசி காவலோடு உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், எப்போதும் ஆபீஸ் வாசலில் நிற்பதுபோல. அஞ்சலை தள்ளிப்போய்க் கப்பல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். காவல்காரன் மலாய்க்காரன், தமிழ் தெரியாது. ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று நானே கேட்டுவிட்டேன்.

"மொத நாளு சொன்னங்க ஐயா, நான் வேலைக்கு வரல, ராசா போனேன்னு. புக்கக் காட்டி அடிச்சாங்க. அதுக்கு மேல சொல்றதுன்னா, கிராணி பொய்யா எழுதினாருன்னு சொல்லணும்" என்றார். "சொன்னா உங்களத் தூக்கிடுவாங்க. வர்ற கிராணி எப்புடி இருப்பாரோ. லயத்துல நாப்பது வீடு இருக்குதுங்களே. புள்ளைக்குக் காச்ச, அம்ம, சாவு, எல்லாம் வரும். அவுங்களுக்கு யாரு பேரு போடுவா? நான் ஒருத்தன் போனாப் போறன், நீங்க இருக்கணும் ஐயா."

நான் தலையை ஆட்டினேன். அதை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முகம் தெளிந்து, "அது போதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கப்பல் நாகப்பட்டினத்துக்கு. அங்கிருந்து எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது அவர்களைப் பார்த்திருக்கலாம்.

ரசீதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன். மறுநாள் விடியலில் பெரட்டு. மூன்றாம் லயத்து மாரியாயி வரவில்லை, பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. பெயரைக் கூப்பிட்டுவிட்டு மண்டோர் என் கையைப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். வரவில்லை என்று எழுதினேன். அன்றிலிருந்து இன்றுவரை வராத ஒருவருக்கும் நான் பேர் போட்டதில்லை.